முன்கதை அக்கா வைத்த பெயர்

திருத்தணியில் தொடங்கித் திருப்பதி வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும், ஒரு விஷயத்தை நடுவிலிருந்து சொல்லவே தெரியாத மனுஷி ஒருத்திதான் கிடைப்பாள். அவள் எங்கள் தெரு டெய்லர், முன்கதை அக்கா. ரேஷன் கார்டில் அவளுக்கு வேறு ஏதோ பெயர் இருக்கிறது. தபால்காரரே "முன்கதையக்கா, ஒரு கையெழுத்து" என்றுதான் கூப்பிடுவார்.

தலைவலி என்று டாக்டரிடம் போனாலும், "நான் கல்யாணமாகி வந்த புதுசுல சார்..." என்று ஆரம்பிப்பாள். டாக்டர் மாத்திரை எழுதி முடிக்கும்போது அக்கா தலைப்பிரசவத்துக்குத்தான் வந்திருப்பாள். பின்னால் காத்திருப்பவர்களில் பாதிப் பேர் தானாகவே குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மாடிப்படிக்கு அடியில் கடை. தையல் மிஷின் மேல் நூல் டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்து, தைத்துக்கொண்டே சீரியல் பார்ப்பாள். நாளொன்றுக்குப் பதினோரு சீரியல். ஜாக்கெட் வாங்கப் போனால் அன்றைய கதையைக் கேட்டுவிட்டுத்தான் வாங்க முடியும். கதைக்கு முன்னால் முன்கதை வேறு. வில்லி ஜெயித்த நாளில் தைத்த ஜாக்கெட்டுக்குள் கை நுழையாது.

ஒரு ஆடிக் கிருத்திகைக்குத் தோளில் காவடியோடு வந்த பக்தர் ஒருவர், கிழிந்த மஞ்சள் துணியில் ஒரு தையல் போடச் சொன்னார். போட்டாள். போட்டு முடிப்பதற்குள் இருபது நாள் முன்கதையைச் சொல்லிவிட்டாள். அவர் மலையேறி, சாமி பார்த்து, படியெல்லாம் இறங்கி, மறுபடி எங்கள் தெருவுக்கு வந்து, "ஏம்மா, அந்த மாமியார் செத்தாளா இல்லியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பெயர்கள் மட்டும் அக்கா மண்டையில் நிற்காது. அதற்கு அவளிடம் ஒரு ஏற்பாடு இருந்தது. மிஷினில் யார் துணி ஓடுகிறதோ, அவர் பெயரைக் கதையில் வைத்துவிடுவாள். அதனால் எங்கள் தெருப் பெண்கள், "இன்னிக்கு யாருக்கா கெட்டவ?" என்று விசாரித்துவிட்டுத்தான் துணியை நீட்டுவார்கள். பால்காரர் செல்வத்தின் சட்டை ஓடிக்கொண்டிருந்த நாளில் கதையில் ஒருவர் லாரி மோதிச் செத்துப்போனார். பாதியில் வந்து பாதியில் எழுந்துபோன ஒரு அம்மா இதை நிஜமென்று நம்பிப் பரப்ப, தெருவே மாலையோடு செல்வம் வீட்டுக்குப் போனது. கதவைத் திறந்தவர் செல்வம். "வாங்கினது வாங்கிட்டீங்க, போடுங்க" என்று கழுத்தை நீட்டினார். அன்றிலிருந்து முன்கதை இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அக்கா சட்டம் போட்டுவிட்டாள்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் முன்கதை உண்டு.

எங்களுடையது டிபன் கடை. தோசைக்கல்லில் நைனா, அதாவது அப்பா; இட்லிக் குண்டானில் அம்மா. சீரியல் ஓடும் நேரத்தில்தான் இட்லி விற்கும். ஆகவே அம்மா எந்த சீரியலையும் கண்ணால் பார்த்ததில்லை; எல்லாம் அக்கா வாயால் கேட்டதுதான். செய்தியில் வந்தால்கூட அம்மா நம்பமாட்டாள். முன்கதை அக்கா சொன்னால் நம்புவாள்.

எனக்கு அப்போது வயது இருபத்தேழு. எனக்குப் பெண்கள் மேல் காதல் வராது, ஆண்கள் மேல்தான் வரும். கூட வேலை பார்க்கும் தினேஷ் மேல் வந்து, அவனுக்கும் என் மேல் வந்து, இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதற்குத் தமிழில் 'தன்பாலீர்ப்பு' என்று நல்ல சொல் இருக்கிறது. இட்லிக் குண்டான் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்த்தேன், ஏதோ சித்த மருந்தின் பெயர் மாதிரி இருந்தது. பல வருஷமாக வாயைத் திறப்பதும், "இன்னாடா?" என்று அம்மா கேட்டால் "சாம்பார் நல்லா கீதும்மா" என்று மூடுவதுமாகவே ஓடியது. சாம்பாரை அவ்வளவு புகழ்ந்த பிள்ளை ஜில்லாவிலேயே கிடையாது.

இந்த லட்சணத்தில், ஞாயிற்றுக்கிழமை கனகம்மாசத்திரத்துக்குப் பெண் பார்க்கப் போவதாக அம்மா முடிவு செய்துவிட்டாள். அதற்கென்று புது ஜாக்கெட்டும் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பாவப்பட்ட பெண் பஜ்ஜித் தட்டோடு வந்து என் முன்னால் நிற்பாள். என் கோழைத்தனத்துக்கு அவள் வாழ்க்கையைப் பலி கொடுத்ததாகிவிடும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. என் செல்போனில் வெளிநாட்டுத் தொடர் ஒன்று இருந்தது, தமிழில் டப்பிங் செய்தது. என்னைப் போல ஒரு பையன் வேலையிலும் வீட்டிலும் தடுக்கி விழுந்து எழுகிற கதை. சிரிப்பும் உண்டு, அழுகையும் உண்டு. செல்போனை அக்காவிடம் கொடுத்து, "இதப் பாருக்கா. புடிச்சிருந்தா அம்மாவுக்கும் சொல்லு" என்றேன்.

இரண்டே நாளில் எட்டுப் பகுதியும் பார்த்துவிட்டாள். அந்த இரண்டு நாளில் தைத்த ஜாக்கெட்டிலெல்லாம் வலது கை இடது பக்கம் போய்விட்டது. செல்போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அந்தப் பையன் பல்லு வெளக்காமயே காபி குடிக்கிறான்பா. அவங்கம்மா மொதல்ல அதக் கேக்கணும்" என்றாள்.

புதன்கிழமை மதியம் மூன்று மணி. டிபன் கடைக்கு ஓய்வு. அம்மா ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போய், வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, செல்போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன்.

"உக்காரு யக்கா, இன்னும் ஒரு கை பாக்கி. அதுக்குள்ள ஒரு கதை சொல்றேன். ஒரு பையன். தங்கமான பையன். பொறந்தப்ப ரெண்டரை கிலோ" என்று அக்கா ஆரம்பித்தாள். தொடரில் அவன் பிறக்கவே இல்லை. வரும்போதே இருபத்தைந்து வயது.

"பேரு இன்னா?" என்றாள் அம்மா.

"வாயில நுழையல. பாபுன்னு வெச்சிக்கோ. அவங்கம்மா நீ."

பாபு என்பது நான். மிஷினில் இருந்தது அம்மாவின் ஜாக்கெட், ஆகவே அம்மா வேஷம் அம்மாவுக்குப் போனது நியாயம். ஆனால் என் துணி ஒன்றுகூட அந்தக் கடையில் இல்லை.

"வேலைக்குப் போறான், சிரிச்சிகினு கீறான். ஆனா சரியா சாப்புட மாட்றான்."

"ஏன், ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. அவனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் வர்ல. ஒரு பையனத்தான் புடிச்சிகீது. அத வெளிய சொல்லவும் பயம், ஒரு பொண்ண ஏமாத்தவும் மனசில்ல. அவங்கம்மாவோ புது ஜாக்கெட் தெச்சிகினு பொண்ணு பாக்கக் கெளம்புது."

தொடரில் ஜாக்கெட்டே கிடையாது. அந்த அம்மா கோட்டு போடுகிறவள்.

"அத அவங்கம்மாகிட்ட சொல்ல வேண்டிதுதான?" என்றாள் அம்மா. குரல் சின்னதாகிவிட்டது.

"சொன்னான். அந்தம்மா கதவச் சாத்திகிச்சி. பையன் துணிமூட்டையோட படியில உக்காந்துகினு கீறான்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் வந்துகீது. மிச்சம் இன்னும் வர்ல. நீதான அவங்கம்மா? நீயே சொல்லு, இன்னா பண்ணுவ?"

மிஷின் நின்றது. தெருமுனையில் ஷேர் ஆட்டோக்காரர் "கண்டிகை, கண்டிகை" என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏறிப் போய்விடலாமா என்று பார்த்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "எவ்ளோ நேரமா உக்காந்துகினு கீறான்?" என்றாள்.

"யாரு?"

"அந்தப் பையன்தான். படியில."

"அது ஆவுது, ரொம்ப நாளா" என்றாள் அக்கா.

"அந்தம்மாவுக்குப் பைத்தியமா? கதவத் தொறந்து, உள்ள வந்து சாப்புட்றான்னு சொல்லுவேன். திட்டுவேன், அழுவேன், அதெல்லாம் அப்பால. மொதல்ல சாப்புடட்டும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னொரு கைய மெதுவா தெய்யி. ஞாயித்துக்கெழமைக்கு அவசரம் இல்ல."

வீட்டுக்கு நடக்கும்போது ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள். "நெசமாவா?"

"ஆங்" என்றேன். பத்து வருஷமாகச் சுமந்த காவடியை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. நடுத்தெருவில் நின்று அழுதேன். "வூட்டுக்கு வந்து அழுவுடா, கஸ்டமருங்க பாக்கறாங்க" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

சொன்னபடியே திட்டினாள், அழுதாள், எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம். நைனாவிடம் அவளே சொன்னாள். அவர் வெகுநேரம் தோசைக்கல்லைத் தேய்த்துவிட்டு, "அப்ப சத்திரத்துப் பொண்ணு வூட்டுக்கு யாரு ஃபோன் பண்றது?" என்றார். இரண்டு நாள் என் தட்டில் அம்மாதான் தோசை போட்டாள். மூன்றாம் நாள் தட்டில் தோசையைப் போட்டு, "கெட்டிச் சட்னி வெக்கட்டா?" என்றார். கெட்டிச் சட்னி எங்கள் கடையில் வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும்தான்.

அக்காவிடம் போய், "மிஷின்ல என் துணியே இல்லியேக்கா, என் பேர எப்படி வெச்ச?" என்று கேட்டேன். "இந்த ஊசியக் கோத்துக் குடுப்பா, கண்ணு தெரியல" என்றாள். பதினோரு சீரியல் பார்க்கிற கண்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, போன ஆடிக் கிருத்திகைக்கு தினேஷ் எங்கள் ஊருக்கு வந்தான். அக்கா கடைக்கு அழைத்துப் போனேன். அக்காவின் சட்டம் தெரிந்தவன் நான் ஆயிற்றே, வாசலிலேயே ஆரம்பித்தேன். "அக்கா, இவன் தினேஷ். நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸ்ல..."

அக்கா கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டி என்னை நிறுத்தினாள். "முன்கதைலாம் வேணாம்பா" என்றவள், அளவு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்துச் சொன்னாள், "நீ உள்ள வா கண்ணு."

ஒரே துணியில் எங்களுக்கு இரண்டு சட்டை தைத்தாள். அன்றைக்குச் சொன்ன கதையில் பாபு, தினேஷ் என்று இரண்டு பேர் கடைசிவரை நன்றாக இருந்தார்களாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு வந்து டிபன் கடையில் சொன்னாள்.