கூச்சி வெள்ளிக்கு வயது சொல்பவர்

வயதுசொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. ஜோசியர்களைச் சொல்லவில்லை, ஜோசியர் எதிர்காலத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். இவர்கள் கடந்த காலத்தைச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார்கள். பித்தளைச் செம்போ, மரப்பெட்டியோ, துருப்பிடித்த பூட்டோ, எதையாவது இவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள்: உள்ளங்கையில் எடை பார்த்து, முகர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டி, "ம்..." என்று நீளமாக மூச்சு விட்டு, கடைசியில் ஓர் எண்ணைச் சொல்வார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது? கேட்கக் கூடாது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கிடங்கின் கணக்குகளைப் பார்த்துவந்த அன்பரசன் இந்த இனத்தில் நடுத்தர உருப்படி. அவருக்கு வாய்த்தது கூச்சி வெள்ளி. ஆப்கானிஸ்தானில் ஆட்டு மந்தையோடும் ஒட்டகங்களோடும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் நாடோடிகள் கூச்சிகள். அவர்களுடைய பெண்கள் அணியும் நகைகள், கலப்பு வெள்ளியில் கையால் அடித்து, சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடிக் கல் பதித்து, பழைய நாணயங்களும் சலங்கைகளும் தொங்கவிட்டவை, எப்படியோ கை மாறி துபாய் சத்வாவில் மக்தூமின் கடைக்கு வந்து சேரும்.

மக்தூம் கீழக்கரைக்காரர், பொறுமைசாலி. முதல் நாள் அன்பரசன் தங்க நகை வாங்குகிற பழக்கத்தில், "செய்கூலி எவ்வளவு? சேதாரம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"சேதாரத்தையெல்லாம் எவளோ போட்டுத் தேச்சே முடிச்சிட்டாண்ணே!"

அப்படிக் கேட்ட மனிதர்தான் இரண்டே வருடத்தில் அதே கடையில் நின்று மற்ற வாடிக்கையாளர்களுக்குப் பாடம் எடுத்தார். இது அறுபது வருஷம். அது எண்பது. மக்தூம் விலையைச் சொல்வார், அன்பரசன் வயதைச் சொல்வார், வந்தவர் இரண்டையும் கேட்டுவிட்டுப் பக்கத்துத் தையல் கடைக்குப் போய்விடுவார்.

2005இல் பன்னீர்செல்வம் வந்து சேர்ந்தார். அன்பரசனின் பள்ளித் தோழர். குவைத்தில் ஃபஹாஹீலில் வேலை, நாலு நாள் லீவில் வந்திருந்தார். அதே இனம், ஆனால் ஒரு படி மேல். எண்ணோடு காரணமும் சொல்வார். அவர் வெள்ளிக்கிழமை சாப்பிட வருகிறார் என்றதும், கடையிலேயே சிறந்த கழுத்தணியை மக்தூமிடம் இரவல் வாங்கிவந்தார் அன்பரசன்.

"அடுத்தவங்க பொருளு. இழுத்து இழுத்துப் பாக்காதீங்க," என்றாள் அவர் மனைவி நீலா.

"பத்தவச்ச எடம் உறுதியா இருக்கான்னு பாக்குறேன், நீலா."

உறுதியாக இல்லை. ஒரு நாணயம் கையோடு வந்துவிட்டது.

விருந்தாளி வரும் நேரம். கடையெல்லாம் மூடிக்கிடக்கும் வெள்ளிக்கிழமை காலையில் எந்த ஆசாரியைத் தேடுவது? தொலைபேசிக் கம்பியில் ஒரு துண்டை உரித்து, அடுப்பில் காட்டிப் பளபளப்பைக் கொன்று, நாணயத்தைக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு மக்தூமிடம் சொல்லிக்கொள்ளலாம்.

சாப்பாடு முடிந்தது. பன்னீர்செல்வம் அணியைக் கையில் எடுத்தார். சலங்கைகளைத் தாண்டினார், கற்களைத் தாண்டினார், அந்தக் கம்பியில் போய் நின்றார்.

"அன்பு, இங்க வாடா. இதப் பாத்தியா?"

அன்பரசன் வந்து குனிந்து பார்த்தார்.

"ஒரு பொம்பள கட்டுனது! ஒட்டகம் இடறுது, காசு அறுந்து விழுது, நின்னு சரிபண்ண நேரமில்ல. போற போக்குல முறுக்கிருக்கா. எந்தக் கடைக்காரனாலயும் இந்த முறுக்கு முடியாது. தொண்ணூறு வருஷம்!"

அன்பரசன் என்ன செய்தார் என்கிறீர்கள்? தலை தானாக ஆடிவிட்டது. தன் கைவேலையை இதுவரை யாரும் புகழ்ந்ததே இல்லை.

"இதையே வாங்கிடறேன். எங்க மேனேஜர் சம்சாரத்துக்குப் பழைய வெள்ளின்னா உசுரு, நல்லா வெவரம் தெரிஞ்ச அம்மா. மாசக் கடைசில என் கான்ட்ராக்ட் முடியுது, தெரியும்ல?"

அன்பரசனின் தலையாட்டல் நின்றது. விவரம் தெரிந்த அம்மாள் தொலைபேசிக் கம்பியைக் கண்டுபிடித்தால் நண்பனின் பிழைப்பே போய்விடும். தோழரை அடுக்களைக்குள் இழுத்துப் போனார்.

"பன்னீரு, அது டெலிபோன் கம்பிடா. காலைல நான்தான் கட்டுனேன்."

பன்னீர்செல்வம் அவரை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "நான் விட்டுட்டா நீ அமுக்கிக்கலாம்னு பாக்குற! ஸ்கூல்ல என் கோலிக்குண்டையே அப்படித்தானடா அமுக்குன?"

"சத்தியமாடா! வேணும்னா நீலாவக் கேளு."

"உன் சம்சாரம் உன் பக்கம்தான பேசும்?"

அன்று மாலையே இருவரும் சத்வாவுக்குப் போனார்கள். அன்பரசன் அங்கேயும் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். மக்தூம் கம்பியைப் பார்த்தார், பன்னீர்செல்வத்தின் முகத்தைப் பார்த்தார். "என்னண்ணே சொல்றிய? கடைல கெடக்கும்போதே இப்புடித்தான் கெடந்துச்சு," என்றபடி பொட்டலம் கட்டினார்.

மாதக் கடைசி வரை அன்பரசனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஃபஹாஹீலிலிருந்து தொலைபேசி வந்தது: இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது; அந்த அம்மாள் கற்களைக் கூடக் கவனிக்கவில்லை; கம்பிக் கட்டைத் தடவித் தடவிப் பார்த்து, வயது நூறுக்குக் குறையாது என்றாளாம்.

ரிசீவரை வைத்துவிட்டு அன்பரசன் அடுக்களைக்கு வந்தார்.

"நீலா, நான் கட்டுறதுக்கு முன்னாடியே அங்க ஒரு கட்டு இருந்துச்சோ?"

"நம்ம வீட்டு ஒயர்தாங்க அது. நீங்க உரிச்ச குப்பையக் கூட்டுனவ நான்."

"ஒயரு நம்மளுதுதான். முறுக்கச் சொல்றேன். அந்த முறுக்கு எனக்கு எப்படி வந்துச்சு?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு பொருள் இருக்கிறது. வருகிறவர்களிடம் அதைக் காட்டி நீங்களும் ஓர் எண்ணைச் சொல்கிறீர்கள். சென்ற முறை சொன்னதைவிட இந்த முறை பத்து வருடம் கூட்டித்தானே சொன்னீர்கள்?