கண்டக்டர் வந்தால் அடுப்பு ரிப்பேர்

மைசூரில் சரியாக மூச்சு விடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கும் நுரையீரல் பாதிதான் வேலை செய்தது. மற்ற எல்லோரும் ஏதோ குத்துமதிப்பாக இழுத்து விட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறோம் என்பது அவருடைய கட்சி.

நெஞ்சு நோய்ப் பிரிவில் டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அவர் கண்டக்டர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ராமாபுரத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் கொள்ளேகால் பக்கத்துப் பஸ்களில் விசில் ஊதி, டீசல் புகையையும் பீடிப் புகையையும் சரிசமமாக உள்ளே வாங்கிக்கொண்டு, மிச்சமிருந்த மூச்சோடு ஓய்வு பெற்றவர். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு ஏற்பாடு உண்டு. பழைய நோயாளி ஒருவருக்குச் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, புது நோயாளிக்குத் துணையாக அனுப்புவார்கள். டாக்டருக்குச் சொல்ல நேரமில்லாததையெல்லாம் அவர் சொல்லித் தருவார். எனக்கு வாய்த்தவர் கண்டக்டர்.

எனக்கு வந்திருப்பது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு. சின்ன வயதில் விறகடுப்பு, பிறகு இருபத்தாறு வருடம் அரசு அலுவலகத்தின் ரெக்கார்டு ரூம் தூசி. ஆனால் நோயின் பெயரைச் சொன்னதும் கேட்பவர்கள் கண் என் விரல்களைப் பார்க்கும். "நீங்க சிகரெட்..." என்று இழுப்பார்கள். அதனால் நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மகள் நித்யாவிடம்கூட. அவள் இன்ஜினியரிங் கடைசி வருடம். புனேயில் வேலை கிடைத்திருந்தது. அப்பா இல்லாத பெண். தெரிந்தால் போகமாட்டாள், அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை.

முதல் நாள் கண்டக்டர் நோட்டைத் திறந்து, காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

"எங்க போகோணும் அம்மணி?"

"வீட்டுக்குத்தான் சார்."

"அதில்லீங்க. இந்த மூச்ச வச்சுக்கிட்டு எங்க போகோணும், என்ன பண்ணோணும்? ஸ்டாப் பேரு சொன்னாத்தானுங்களே டிக்கெட் கிழிக்க முடியும்?"

"மூச்சு நல்லா வந்தாப் போதும்."

"அப்படி ஒரு ஊரே இந்த ரூட்ல இல்லீங்க."

யோசித்துப் பார்த்தேன். தலைக்குக் குளித்துவிட்டு, நடுவில் உட்காராமல் ஒரே மூச்சாகத் தலை துவட்டி எத்தனையோ மாதமாகிறது. வெட்கத்தோடு அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதினார்: 'தலை துவட்டல். நேர் பஸ். நடுவில் நிறுத்தம் இல்லை.'

அதற்குப் பிறகு என் வாழ்க்கை முழுவதும் பஸ்மயமாகிவிட்டது. மாடிப்படி நாலுக்கு ஒரு ஸ்டாப். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அது பஸ் நிழற்குடை. மூச்சுத் திணறும்போது நாம் அவசரமாக உள்ளே இழுக்கத்தான் பார்ப்போம். கண்டக்டருக்கு அது பொறுக்காது. "எறங்கறவங்க மொதல்ல எறங்கட்டுமுங்க! உள்ள கூட்டம் அப்படியே நிக்குது, நீங்க பாட்டுக்கு இன்னும் ஆள ஏத்துறீங்களே!" என்று கத்துவார். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஊதுவதுபோல மெதுவாக வெளியே விட வேண்டும். டாக்டர் படம் வரைந்து சொன்னபோது புரியாதது, நெரிசலான பஸ்ஸை நினைத்ததும் புரிந்தது.

நான் இன்ஹேலர் எடுப்பதைப் பார்த்து அவர் தலையில் அடித்துக்கொண்டார். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சுவர் பக்கம் திரும்பி, முந்தானைக்குள் வைத்து, வாயருகே ஒரு அழுத்து அழுத்தி முடித்துக்கொள்வேன். "ஏனுங்க, சாமிக்குக் கற்பூரம் காட்டற மாதிரி மூஞ்சிக்குக் காட்டுறீங்களே? உள்ள போகோணுமுங்க!" அடுத்தது ஊதுபத்தி. மைசூரில் இருந்துகொண்டு பூஜைக்கு ஊதுபத்தி வேண்டாம் என்றால் யார் கேட்பார்கள்? "மல்லிப்பூ வைங்க. சாமிக்கும் நெஞ்சு இருக்குதில்ல?" என்றார். மறுநாளே மல்லிப்பூ வாங்கினேன்.

குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடைக்குக் கூட்டிப் போவார். தோளில் பழைய தோல் பை. உள்ளே இன்ஹேலர், அதை மாட்டி இழுக்கிற பிளாஸ்டிக் குழாய், வேர்க்கடலை, ஆஸ்பத்திரி கொடுத்த பேட்ஜ். ஒருநாள் கரையோரம் ஒரு இளைஞர் முழங்காலில் கை ஊன்றி இரைத்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் பாய்ந்து தோளைப் பிடித்தார். "இளியோரு மொதலு இளீலி!" என்று கன்னடத்திலும் அதே 'எறங்கறவங்க மொதல்ல எறங்கட்டும்' அதட்டல். தான் தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவன், தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் மன்றாடினார். "எல்லாரும் மொதல்ல அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்று கண்டக்டர் என் பக்கம் திரும்பிச் சொன்னார். அந்த இளைஞர் பயந்துபோய் நாலு முறை உதட்டைக் குவித்து ஊதிவிட்டு ஓடினார். முன்பைவிட வேகமாகத்தான் ஓடினார்.

சனிக்கிழமைகளில் நித்யா கல்லூரியில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். மூன்றாவது சனிக்கிழமை அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். கண்டக்டர் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா இவரு?"

என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது. "கேஸ் அடுப்பு ரிப்பேர் பண்றவரு." பிறகு அவர் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, உட்கார்ந்துட்டியே! சமையல் ரூம் அந்தப் பக்கம்" என்றேன்.

மூன்று வாரமாக 'சார்' என்று கூப்பிட்ட மனிதரை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை.

அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "ஆமாங்க, மறந்துட்டேன்" என்று எழுந்து போய், சமையலறைத் தரையில் உட்கார்ந்து அடுப்பைப் பிரித்தார். நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பு. அவருக்கு அடுப்பைப் பற்றி எதுவும் தெரியாது. திரும்ப மாட்டியபோது இடது பக்க பர்னர் அணைந்தே போனது. நித்யா மறுநாள், "அந்த அங்கிளையே திரும்பக் கூப்பிடேன்" என்றாள். கூப்பிட்டேன். வலது பக்கமும் போயிற்று.

ஒன்று எரிந்தால் இன்னொன்று அணைய, இப்படியே இரண்டு மாதம். சிம்னியைத் துடைப்பதுபோல் நின்று எனக்கு மூச்சுப் பயிற்சி சொல்வார். அவள் வந்தால் ஸ்பேனரை எடுப்பார். அவள் எரிச்சலாகி ஆன்லைனில் புது அடுப்பு வாங்கிவிட்டாள். இனி எப்படி வருவாரோ என்று நான் தவித்தேன். சனிக்கிழமை காலை மணி அடித்தது. "புது அடுப்புக்கு மூணு மாசம் ப்ரீ சர்வீஸ் இருக்குதுங்க பாப்பா" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

சிரிக்காதீர்கள். அவருடைய தோல் பையின் மேல் ஆஸ்பத்திரி பெயரோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவள் கண்ணில் பட்டுவிடுமென்று, அதைக் கீழே வாட்ச்மேனிடம் வைத்துவிட்டு வரச் சொன்னேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. பை இல்லாமல், ஸ்பேனர் மட்டும் பிடித்துக்கொண்டு, நாலு படிக்கு ஒரு ஸ்டாப்பாக அவர் ஏறி வருவார்.

ப்ரீ சர்வீஸ் என்று சொல்லி அவர் வந்த அந்தச் சனிக்கிழமை நித்யாவுக்கு விடுமுறை. பிசிபேளே பாத் பொடிக்கு மிளகாய் வறுக்கிறேன் என்று ஆரம்பித்தாள். நெடி கிளம்பியதும் நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியோரம் ஒதுங்கினேன். 'அணைச்சுடு' என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாளே. கண்டக்டர் அடுப்புக்கு அடியில், ட்யூபைப் பார்ப்பதுபோல் குந்தியிருந்தார். ரிப்பேர்க்காரர் வேலையைப் பாதியில் விட்டுப் போக முடியாதல்லவா?

முதலில் இருமல். பிறகு இருமலும் இல்லை. தரையில் இரண்டு கையையும் ஊன்றி, கழுத்து நரம்பு புடைக்க முன்னால் குனிந்தார். உதடு நிறம் மாறியது. ஸ்பேனர் உருண்டது.

"அம்மா! அங்கிள்கு ஏனாயித்து? என்னாச்சு? என்ன பண்ணணும்?" நித்யா அடுப்பை அணைத்துவிட்டு அலறினாள்.

அந்த நிலையிலும் அவர் கையை ஆட்டினார். "ஒண்ணுமில்ல... பாப்பா... நெடி..."

என்ன செய்ய வேண்டுமென்று அந்த வீட்டில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவருடைய மருந்து பையோடு மூன்று மாடிக்குக் கீழே, நான் சொன்ன இடத்தில் இருந்தது. என்னுடையது, இழுக்கிற குழாயோடு, துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். நான் கை நீட்டவில்லை. நின்றேன். நீட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற ஒரே நினைப்பு. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கிலேயே சொல்கிறேன்: பத்து மூச்சு நேரம் நின்றேன். அவருடைய மூச்சு.

பிறகுதான் டப்பாவைத் தள்ளினேன். குலுக்கினேன், குழாயில் மாட்டினேன், அவர் வாயில் வைத்தேன். "சார், எறங்கட்டும், மொதல்ல எல்லாரும் எறங்கட்டும்... மெதுவா... இப்ப ஏத்துங்க சார்" என்று என் குரல் தானாகச் சொன்னது. நித்யா சுவரோடு ஒட்டிக்கொண்டு என் கைகளையே பார்த்தாள். பழகிய கைகள் என்று யாருக்கும் தெரியும்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "உனக்குத் தெரிஞ்சிருந்துச்சும்மா. ஆனாலும் நின்னுட்டிருந்தே" என்று மட்டும் சொன்னாள்.

நாலு நாள் கழித்து வார்டுக்குப் போனேன். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, பக்கத்துக் கட்டில்காரருக்கு உதட்டைக் குவிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கம்மணி, தலை தொவட்டுனீங்களா?" என்றார். அன்று காலைதான் முதன்முறையாக உட்காராமல் துவட்டியிருந்தேன். அதை விட்டுவிட்டு வேறு பேச்சை எடுத்தேன்.

"சார், பாப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீங்க யாருன்னும் சொல்லிட்டேன்."

"நல்லதுங்க. எனக்கும் அந்த அடுப்பப் பாத்தாலே பயமா இருந்துச்சு."

"இன்னொண்ணு சொல்லணும் சார். அன்னிக்கு மருந்து பக்கத்துலயேதான் இருந்துச்சு. நான் உடனே எடுக்கல. நின்னுட்டிருந்தேன்."

அவர் மூன்று முறை மெதுவாக ஊதிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நான்... எங்கீங்க பாத்தேன்? கண்ண... இறுக்கி மூடிட்டிருந்தனுங்க. தொறக்கறப்ப... உங்க கையில மருந்து. டைமுக்கு... வந்துட்டீங்க."

அவர் கண்ணை மூடவேயில்லை. அந்தப் பத்து மூச்சு நேரமும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரிந்திருந்த தலையணையை உயர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருக்கிற கொஞ்ச மூச்சில் இவ்வளவை அந்த மனிதர் எனக்காக ஒரு பொய் சொல்லச் செலவழித்திருந்தார்.