சில்லுப்பலகையும் ஆலாத்தித் தட்டும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படம் எடுப்பது என்றால் அது ஒரு விசேஷம். கல்யாணம், சடங்கு, அடையாள அட்டை, சாவு. இவற்றைத் தவிர வேறு காரணத்துக்காக யாரும் கேமராவின் முன்னால் போய் நின்றதில்லை. அதனால் கேமராவைக் கண்டதும் எங்கள் ஆட்களின் முகம் தானாகவே இறுகிவிடும். கை இரண்டும் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். (என் அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்தால் பொலிஸார் தேடுகிற ஆள் என்றுதான் நினைப்பீர்கள். கோழியைக்கூட அதட்டத் தெரியாத மனிதர்.) இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நானே வலியப்போய் வரவழைத்துக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரை படித்த முதல் ஆள் நான். படித்து என்ன கிழித்தாய் என்று கேட்டால், ஓப்பநாயக்க டவுனில் நசீர் நானாவின் ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாடையை இரண்டு விரலால் தூக்கிவிடுவதுதான் தொழில். ஆனால் மனதுக்குள் வேறொரு காய்ச்சல். இணையத்தில் பெரிய பெரிய ஆட்கள் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து, எடுத்தால் 'அன்றாட வாழ்க்கை'யைத்தான் எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். என் படத்தில் யாரும் கேமராவைப் பார்க்கக் கூடாது, யாரும் தலை வாரியிருக்கக் கூடாது. அப்படியொரு வைராக்கியம்.

அதற்கு வாகாக எங்கள் தோட்டத்திலேயே ஒரு கூட்டம் இருந்தது. ஸ்கேட்போர்ட் கூட்டம். கட்டாருக்கு வேலைக்குப் போய்வந்த ஒருவர் கொண்டுவந்த ஒற்றைப் பலகையில் தொடங்கியது. பிறகு பழைய சில்லுகளை, அதாவது சக்கரங்களை, எங்கெங்கோ தேடி வாங்கி, றப்பர் மரப் பலகை அறுத்துப் பூட்டி, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் ஒன்றாகிவிட்டது. எங்கள் ஆட்கள் அதற்குச் சில்லுப்பலகை என்று பெயர் வைத்தார்கள். ஓடுகிற இடம், மூடிக்கிடக்கும் பழைய ஸ்டோர். (தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.) மெஷின்களையெல்லாம் கழற்றிக்கொண்டு போன பிறகு, வழவழவென்று நீண்ட சிமெந்துத் தரை மட்டும் மிஞ்சியிருந்தது. வாசலில், லொறி ஏறுவதற்காகக் கட்டிய ஒரு சரிவு. இப்படியொரு இடம் கொழும்பில்கூடக் கிடைக்காது என்று நிரோஷா பெருமையாகச் சொல்வாள்.

நிரோஷாதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. டவுனில் மருந்து விற்கும் ஒரு பாமசியில் வேலை. பின்னேரம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையைத் தாயிடம் கொடுத்துவிட்டு நேரே ஸ்டோருக்குத்தான் வருவாள். லொறி டியூபை வெட்டி எல்லாருக்கும் முழங்காலுக்கும் முழங்கைக்கும் கவசம் தைத்துக் கொடுத்திருந்தாள். கவசம் போடாதவன் பலகையைத் தொட முடியாது. ஈரத் தரையில் யாரும் ஏற முடியாது. அவள் சட்டத்துக்கு மேல் அங்கே சட்டமில்லை.

தோட்டத்து மேனேஜரான பெரிய துரைக்கு மட்டும் அந்த இடம் பிடிக்கவில்லை. யாராவது விழுந்து கை கால் முறிந்தால் கம்பனிக்குத் தானே பதில் சொல்ல வேண்டும் என்று, மாதக் கடைசியோடு ஸ்டோரைப் பூட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் முன்னால் வந்தேன். இவர்கள் எவ்வளவு ஒழுங்காக, பத்திரமாக ஓடுகிறார்கள் என்று அன்றாடக் காட்சிகளாக எடுத்து துரையிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன், படத்தைப் பார்த்தால் மனம் மாறுவார் என்றேன். நிரோஷா பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"செய்ங்க அண்ணே. ஆனா விளையாட்டு இல்ல. பூட்டிட்டா அப்புறம் தொறக்க மாட்டாங்க."

அதோடு நான் பேசாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். மாறாக, வெள்ளிக்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று, ஞாயிற்றுக்கிழமை ஸ்டோரில் படம் எடுக்க வருகிறேன், எல்லாரும் எப்போதும் போலவே இருங்கள் என்று அறிவித்தேன். 'படம்' என்றது எல்லார் காதிலும் விழுந்தது. 'எப்போதும் போலவே' என்றது ஒருவர் காதிலும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நானாவிடம் கெஞ்சி இரவல் வாங்கிய நல்ல கேமராவோடு போய் நின்றால், ஸ்டோர் வாசலில் வாழை மரம் கட்டியிருக்கிறது. ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. பையன்கள் வெள்ளைச் சட்டை, பவுடர், நெற்றியில் திருநீறு. பெண் பிள்ளைகள் பட்டுப்பாவாடை, தாவணி, தலை நிறையப் பூ. எல்லாருக்கும் அதன் மேல் டியூப் கவசம். நிரோஷா மாம்பழ நிறச் சேலையில், கையில் பலகையோடு, கொலைவெறியில் நின்றாள்.

"அம்மா பழைய உடுப்போட படத்துல நிக்க விடமாட்டேன்னு அழுதுட்டாங்க. சந்தோஷமா உங்களுக்கு?"

அது மட்டுமல்ல. படம் எடுக்கிறார்கள் என்றால் விசேஷம். விசேஷம் என்றால் பிரதம விருந்தாளி வேண்டாமா? கோயில் கமிட்டி போய்ப் பெரிய துரையையே அழைத்துவிட்டது. அவருக்காக மாலை, ஆரத்தி எடுக்க ஆலாத்தித் தட்டு, கற்பூரம். அந்த வரிசையின் முன்னால் தட்டோடு நின்றது வேறு யாருமில்லை, என் அம்மா. கல்யாணச் சேலை கட்டியிருந்தார். என்னைக் கண்டதும், படிக்க வைத்தது வீண்போகவில்லை என்பதுபோல் ஒரு சிரிப்பு.

உள்ளே எட்டிப் பார்த்தேன். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கழுவியதோடு விடாமல், வாசல் சரிவிலிருந்து நடுத்தரை வரை ஈர மாவில் பெரிய கோலம். பார்க்கக் கண்கொள்ளாத கோலம். பிள்ளைகள் அதைச் சுற்றிப் பலகைகளைக் கையில் பிடித்துக்கொண்டு காய்வதற்காகக் காத்து நின்றார்கள்.

எனக்கு அழுகை வராத குறை. எங்கே என் அன்றாட வாழ்க்கை? மலைக்குப் பின்னால் மழை வேறு கறுத்துக்கொண்டு வந்தது. வெளிச்சம் போவதற்குள் ஒரு படமாவது உருப்படியாக எடுக்க வேண்டும். அப்போது உதித்த யோசனைதான் எல்லாவற்றுக்கும் முடிவுகட்டியது. நானே ஒரு பலகையில் உட்கார்ந்து, வாசலுக்கு முதுகைக் காட்டி, மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டே கூட்டத்தை எடுப்பது.

"அண்ணே, காயட்டும்," என்றாள் நிரோஷா.

"எனக்குத் தெரியும்," என்றேன். (படித்தவன் அல்லவா.)

ஒரு சின்னப் பையனின் பலகையை வாங்கி உட்கார்ந்தேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். காலால் ஒரே ஒரு தள்ளு.

முதல் இரண்டு அடி சுகமாகத்தான் இருந்தது. அப்புறம் சில்லு கோலத்தில் ஏறியது. கேமரா வழியாகப் பார்த்தபோது நிரோஷாவின் முகம் வேகமாகச் சின்னதாகிக்கொண்டு போனது. நல்ல காட்சி என்று நினைத்த ஞாபகம். அதற்குள் சரிவு வந்துவிட்டது. வெளியே சரியாக அந்த நேரம் பெரிய துரை ஜீப்பை விட்டு இறங்கி, கழுத்தில் மாலை வாங்கி, அம்மாவின் தட்டுக்கு முன்னால் பக்தியோடு நின்றிருக்கிறார். நான் முதுகுப் பக்கமாக அந்த வரவேற்புக் குழுவின் நடுவே புகுந்தேன்.

தட்டு வானத்துக்குப் போனது. கற்பூரம் வேறெங்கோ போனது. சிவந்த ஆலாத்தித் தண்ணீர் முழுவதும் என் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. கேமராவை மட்டும் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையை அடியில் கொடுத்து மல்லாந்து கிடந்தேன்.

துரையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "லே... லே..." என்றார். சிங்களத்தில் இரத்தம். ஜீப்பைத் திருப்பச் சொல்லி டிரைவரைக் கூப்பிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொன்னார். பெண்கள் இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். அம்மா நிதானமாகக் குனிந்து என் சட்டையை ஒரு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"ரத்தம் இல்லீங்க தொர. மஞ்சளும் சுண்ணாம்புந்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, "எந்திரிடா. வெள்ளச் சட்டையில பட்டா போவாது," என்றார்.

பயம் தெளிந்ததும் துரைக்குக் கோபம் வந்தது. "இதுக்குத்தான் பூட்டுறேன்னு சொன்னேன்," என்றார். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். ஒரு பையன் தன் பலகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

நிரோஷா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சேர், கொஞ்சம் உள்ள பாருங்க. எங்க புள்ளைங்க எல்லாரும் பலகைய கையிலதான் வச்சிருக்காங்க. தரை ஈரம், அதனால ஒருத்தரும் ஏறல. நாங்க தொடங்கின நாள்லேர்ந்து எங்கள்ல ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போனதில்ல. இன்னைக்கு ஏறினது இந்த அண்ணன் மட்டுந்தான். இவர் எங்க ஆளே இல்ல."

மணிக்கட்டு வலித்ததைவிட அது அதிகமாக வலித்தது. ஆனால் துரை உள்ளே பார்த்தார். பட்டுப்பாவாடையும் டியூப் கவசமுமாக, பலகையை நெஞ்சோடு பிடித்தபடி நிற்கும் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்தார். மாலையைக் கழற்றவும் மறந்துபோய், "சரி. தொடைச்சிட்டு ஓடிக் காட்டு," என்றார்.

சாக்குகள் வந்தன. கோலம் போட்ட கைகளே, வாய் ஓயாமல் திட்டிக்கொண்டு, கோலத்தைத் துடைத்தன. (திட்டு முழுவதும் எனக்குத்தான்.) நிரோஷா என் மணிக்கட்டைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு, போய்ப் பலகையில் ஏறினாள்.

அதன் பிறகு நான் பார்த்ததைச் சொல்ல இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கொழுந்து சுமந்து வந்து கொட்டிய தரையில், எங்கள் பிள்ளைகள் தாவணி பறக்க ஓடினார்கள். சறுக்கினார்கள், திரும்பினார்கள், ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். சின்னவர்கள் தடுமாறினால் பெரியவர்கள் கை கொடுத்தார்கள். பலகை எகிறி விழும் சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது.

எனக்கோ வலது கை வேலை செய்யவில்லை. கேமராவின் பொத்தான் இருப்பது வலது பக்கம். கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து, இடது கையால் அமுக்கத் தொடங்கினேன்.

"விழுந்ததுல மூளை கலங்கிருச்சு போல," என்று பின்னால் ஒருவர் அம்மாவிடம் சொன்னார்.

"அவன் எப்பவுமே அப்படித்தான்," என்றார் அம்மா.

கலங்கியவன் எடுக்கும் படத்துக்கு யார் முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பார்கள்? அன்று ஒருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைத்தான் பார்த்தார்கள். மாலையோடு வாயைத் திறந்தபடி நின்ற துரை உட்பட. அப்படித்தான் என் 'அன்றாட வாழ்க்கை' எனக்குக் கிடைத்தது. பட்டுச் சேலையில், வாழை மரத்தோடு. படங்களை நேராகத் திருப்பிப் பார்த்த நசீர் நானா, "கல்யாண ஊடா இது? மாப்பிள்ள எங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு அதில் ஒன்றைப் பெரிதாக அடித்து ஸ்டூடியோ கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினார். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்டோரைப் பூட்டவில்லை. அடுத்த கிழமையே கம்பனி வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை நட்டது, சிங்களத்திலும் தமிழிலும். கவசமின்றி ஓடக் கூடாது, ஈரத்தில் ஓடக் கூடாது. இரண்டும் நிரோஷாவின் சட்டம். மூன்றாவதாக, துரையே சொல்லி எழுதவைத்த ஒரு வரி: 'புகைப்படக்காரர்கள் பலகையில் ஏறுவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது.' எங்கள் தோட்டத்தில் மட்டுமல்ல, அக்கம்பக்கத் தோட்டங்களிலேயே புகைப்படக்காரன் என்று இருப்பது நான் ஒருவன்தான்.

அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. ஆனால் மூன்றாவது வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணீர் கொடுத்த கையோடு ஸ்டோர் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த வரியை விரலால் தடவிக் காட்டுவார். போன மாதம் எனக்குப் பெண் பேச வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

"எங்க பரம்பரையில யாரு பேராச்சும் கம்பனி எழுதி வச்சிருக்கா? பேரு போடல. ஆனா அது என் மகன்தாங்க."