நடு சீட்டு விஷயமாக மச்சானுக்கு

சிவகாசி,
தை 20

காரியாபட்டி மச்சான் லட்சுமிகாந்தம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கையைக் கட்டிய ரத்தினசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சொர்ணலட்சுமியும் சுகம். அங்கே மச்சானும், மச்சானின் சர்க்கரையும், வெங்காய வியாபாரமும் ஏறாமல் இறங்காமல் ஒரு நிலையில் இருக்க முருகன் துணை செய்யட்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் பேசி முடிப்பதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. கடிதத்தில்தான் நான் பேச முடியும்.

சீசன் முடிந்தது, கடைசி காலண்டர் லோடும் போய்விட்டது. புதுக் கார் எடுத்து அடுத்த வெள்ளிக்கிழமை திருச்செந்தூர் போகிறோம் என்று நான் வாய் தவறிச் சொன்னதும், "நானும் வாரேன் மாப்ளே! முன் சீட்டு பெல்ட்டு எனக்கு மூச்சு முட்டும், சன்னல் காத்தும் ஒத்துக்கிறாது. நீங்க ரெண்டு பேரும் ஓரத்துல இருங்க, நான் நடுவுல உக்காந்துக்கிருவேன்" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் சரியில்லை.

விருதுநகர் ஷோரூமில் எங்களுக்குத் தோதாக இரண்டு சின்ன வண்டிகள் நின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. அங்கே வேலை பார்க்கும் பிரீத்திகா என்ற பெண் மில்லிமீட்டரில் அடுக்கிக்கொண்டே போனாள். காலண்டர் கம்பெனி வைத்திருப்பவனுக்குத் தெரிந்த அளவு டைரிதானே? பையில் கொண்டுபோன சாம்பிள் டைரிகளை முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே சொருகிப் பார்த்தேன். வெள்ளையில் ஐந்து டைரி நின்றது, சிவப்பில் மூன்றுதான். தலைக்கு மேலே வெள்ளையில் தினசரிக் காலண்டர் ஒன்று முழுசாக நுழைந்தது. சிவப்பில் ஜூன் வரை கிழித்தால்தான் நுழையும்.

"சார், இப்படி யாருமே அளந்து பார்த்ததில்ல" என்றாள் அந்தப் பெண்.

"நாங்க சிவகாசிம்மா" என்றேன்.

வெள்ளையின் பின் சீட்டு பலகை மாதிரி நேராக இருந்தது. அந்தக் கதவோரம் சொர்ணம், இந்தக் கதவோரம் நான், நடுவே நீங்கள் தாராளமாகச் சம்மணமே போடலாம். சிவப்பில் மெத்தை அதிகம், நடுவில் லேசாகப் பள்ளம். ஓரத்தில் உட்கார்ந்தாலும் வண்டி நகர்ந்ததும் இரண்டு பேரும் மெதுவாக நடுவுக்கு வழுக்கி வந்துவிடுகிறோம்.

நம் பழைய டிரைவர் இசக்கிப்பாண்டி ஓட்ட, பிரீத்திகா முன்னால் உட்கார, சிவப்பு வண்டியில் கிளம்பினோம். ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. கண்ணாடிக்கு வெளியே பருத்திக்காடு வெள்ளை வெள்ளையாக நகர்ந்தது, அதற்கு மேலே அதே வெள்ளையில் மேகம், உள்ளே ஏசியின் குளிர், தொட்டில் மாதிரி ஓர் ஆட்டம். சொர்ணத்தின் தோள் என் தோளில் இருந்தது. மச்சான், கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு மறுவீடு வந்தபோதுகூட அருப்புக்கோட்டையில் இறக்க வேண்டிய காலண்டர் கட்டுகள் எங்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்தன. அப்புறம் முப்பத்தைந்து வருடமாக வேனில் நான் டிரைவர் பக்கத்தில், அவள் பின்னால் லோடோடு. பஸ் என்றால் அவள் முன்பக்கம், நான் பின்பக்கம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் ஓர் ஊருக்கும் போனதில்லை. அதை நினைத்துக்கொண்டே கண்ணை மூடினேன்.

கனவில் காலண்டர் அச்சாகி வருகிறது. முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சிவப்பு எழுத்து, ஒரு நாள்கூட வேலை நாள் இல்லை. நானும் சொர்ணமும் திருச்செந்தூர்க் கடற்கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்துக் காற்றில் விடுகிறோம். தாள் எதுவும் கீழே விழவே இல்லை.

விழித்தால் சிவகாசி ரயில்வே கேட்! முதலாளியை எழுப்பப் பயந்து பாண்டி பாட்டுக்கு ஓட்டியிருக்கிறான் போல. பிரீத்திகா ஷோரூமுக்குப் போனில் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். என் தலை சொர்ணத்தின் தோளில். ஒட்டினாற்போல் நம் கம்பெனி ஆட்கள் வேன் நிற்கிறது. பைண்டிங் ராக்காயி தலையை நீட்டி, "மொதலாளி, காருல மெத்தை நல்லாருக்கு போல!" என்றாள். வேனே சிரித்தது. சொர்ணம் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பியவள் வீடு வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே அவளுக்குச் சிவப்பு வண்டி பிடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். அண்ணனை விட்டுவிட்டுப் போனாலும் அவள் மனசு நோகும். என் ஆசை கிடக்கட்டும், வெள்ளை வண்டியே எடுக்கிறேன். வியாழன் சாயங்காலமே வந்துவிடுங்கள். நடு சீட்டு உங்களுக்குத்தான். இதை மனமுவந்து எழுதுகிறேன் என்று நம்பவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் கால் நீட்டி உட்கார இடம் கிடைத்து நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
ரத்தினசாமி

பின்குறிப்பு: அண்ணே, சொர்ணம் எழுதுறேன். நல்லா இருக்கீகளா? உறையை ஒட்டச் சொல்லிக் குடுத்தாக, படிச்சிட்டேன். பாண்டி அன்னைக்குத் திரும்பத்தான் பாத்தான். "அவுக உறங்கட்டும்ப்பா, இன்னும் கொஞ்ச தூரம் போ"ன்னு சொன்னதே நான்தான். வீடு வரைக்கும் பேசாம வந்தது கோவத்துல இல்ல, வாயத் திறந்தா சிரிச்சிருவேன்னுதான். காலையிலயே ஷோரூமுக்குப் போன் போட்டு சிவப்பு வண்டியவே சொல்லிட்டேன். நீங்க வியாழக்கிழமை வராதீக. அதுக்கு அடுத்த வாரம் பஸ்ஸுல வாங்க, உங்களுக்குத் திருச்செந்தூர் இலை விபூதி வாங்கியாந்து வைக்கிறேன். அவுககிட்ட இன்னும் சொல்லல. டைரிய வச்சு வீட்டுச் சோபாவ அளந்துக்கிட்டு இருக்காக.