பேனல் சக்கரவர்த்தியும் துடைப்பப் புயலும்

அலெக்ஸாந்திரியாவில் பேனல் செய்கிற பட்டறைக்காரர்கள் ஒரு குற்றம் செய்துகொண்டிருந்தார்கள். இரும்புப் பெட்டிக்குள் கம்பி இழுத்து, கதவில் பொத்தான் வைத்து அவர்கள் அனுப்பிய பேனல்களெல்லாம் ஒழுங்காக ஓடின. எந்தத் தேர்வும் எழுதாதவன் செய்த பேனல் எப்படி ஓடலாம் என்று மின்பலகைத் தரச்சான்று இயக்ககம் ஆழ்ந்து கவலைப்பட்டது. கவலையின் முடிவில் ஓர் உத்தரவு பிறந்தது: 'இனிமேல் சான்றிதழ் பெற்ற நபரின் கையெழுத்தின்றி எந்தப் பேனலும் எந்தப் பட்டறையின் வாசலையும் தாண்டலாகாது.'

உத்தரவு வந்த நேரத்தில் சப்ரியின் பட்டறை வாசலில் ஒரு பேனல், வேலை முடிந்து, பெயின்ட் மினுமினுக்க, வண்டிக்காக நின்றுகொண்டிருந்தது. அதைச் செய்யச் சொன்னது அதே இயக்ககம்தான். அவர்களுடைய கட்டடத்து லிஃப்டுக்கான பேனல். பழையதைக் கழற்றி எடைக்குப் போட்டாயிற்று. புதியது தாண்டலாகாது. ஆகவே லிஃப்ட் கீழ்த்தளத்தில் உட்கார்ந்துவிட்டது.

லிஃப்ட் உட்கார்ந்தால் யாருக்கு என்ன? சப்ரியின் மனைவி ரபாப் அந்த இயக்ககத்தின் ஏழாவது மாடியில் குமாஸ்தா. வயிற்றில் தலைப்பிள்ளை.

"ஏழாவது மாசம், ஏழாவது மாடி. மாசத்துக்கு ஒரு மாடின்னு கணக்கு வச்சிருக்காங்க போல," என்றாள் ரபாப், செருப்பைக் கழற்றி வீங்கிய காலை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு. "சப்ரி, நல்லா கேட்டுக்கோ. உன் பிள்ளை நாலாவது மாடிப் படியிலதான் பிறக்கப்போறான். பேரு படிக்கட்டுன்னு வச்சிடுவேன். ஸ்கூல்ல அடி வாங்கினா உன்னைத்தான் கேப்பான்."

"ஒரு கையெழுத்துதானே, என் கண்ணே. தேர்வு எழுதிட்டு வந்து போட்டுடறேன். வருஷக்கணக்கா இதே வேலைதானே பாக்கறேன்?"

"வேலை தெரிஞ்சவனுக்குத் தேர்வு எதுக்குங்கறேன்?"

"தெரியும்னு அவங்களுக்குத் தெரியணுமே!"

தேர்வு கஷ்டமில்லை என்று ஊரே சொன்னது. தரநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதலாம். இயக்ககத்தின் பெருந்தன்மை அது. நூல்தான் கொஞ்சம் பெரிது. கசாப்புக்கடைத் தராசில் வைத்தால் ஒரு குடும்பத்துக்குப் பெருநாள் கறி. அதில் வேண்டிய விதியை நொடியில் கண்டுபிடிக்க என்ன வழி? பக்க ஓரத்தில் கலர் சீட்டு ஒட்ட வேண்டும். இப்படித்தான் உஸ்தாத் ஷவ்கத் எழுந்தருளினார்.

நேற்றுவரை அவர் பத்தாம் வகுப்புக்கு வேதியியல் ட்யூஷன் எடுத்தவர். இன்று முஹர்ரம் பேக் வட்டாரத்துச் சுவர்களிலெல்லாம், ட்ராம் தூண்களிலெல்லாம், விளம்பரத் தாளில் கோட்டு போட்டு, கை கட்டி நின்றார்: 'பேனல் சக்கரவர்த்தி ஷவ்கத்! படிக்காதே, ஒட்டு!' பேனலை அவர் நேரில் பார்த்ததில்லை. அது அவருடைய பார்வையைக் கறைபடாமல் வைத்திருந்தது.

முதல் வகுப்பிலேயே சப்ரி தன் மானத்தைப் போக்கிக்கொண்டான்.

"உஸ்தாத், நான் நூலைப் படிச்சுட்டேன்," என்றான்.

ஷவ்கத், காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தார்.

"எதுக்குப்பா?"

"புரிஞ்சுக்கலாமேன்னு."

"சரி, புரிஞ்சுதுன்னே வச்சுக்குவோம். அதை எங்க ஒட்டுவ?"

பின்வரிசையில் ஒருவன் "பாவம், சேர்ந்து ஒரு நாள்தான் ஆகுது" என்று பரிந்து பேசினான்.

அப்புறம் நகரத்தில் ஒட்டுகிற மோகம் பற்றிக்கொண்டது. காப்பிக்கடையில் ஹுக்கா புகைக்கிறவர்கள், மயில்தோகைபோல் சீட்டு விரிந்த நூலை மடியில் வைத்துக்கொண்டு புகைத்தார்கள். பெண் கேட்டு வந்தவனிடம் "ஃபிளாட் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்த தகப்பன்மார், "எத்தனை கலர் ஒட்டியிருக்கே?" என்று கேட்டார்கள். சப்ரியும் ஒட்டினான். பொத்தானுக்குச் சிவப்பு, கம்பிக்குப் பச்சை, கதவுக்கு மஞ்சள். எந்தச் சீட்டு எங்கே என்று கண்டுபிடிக்கச் சீட்டுக்கே ஒரு சீட்டு ஒட்டினான். வேகவைத்த மொச்சையை வாயில் வைத்துக்கொண்டே ஒட்டினான். ரபாப் எட்டாவது மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டா, பேனல் கதவு தானா திறந்துக்காம இருக்க என்ன பண்ணணும்?" என்று ஒருநாள் சும்மா கேட்டாள்.

அந்தக் கதவுகளை நூற்றுக்கணக்கில் பூட்டியவன், "இரு, மஞ்சள் எங்க?" என்றான்.

ரபாபின் சிரிப்பு பாதியில் நின்றது.

தேர்வு, இயக்ககத்தின் ஏழாவது மாடியில். தேதி, நவம்பர் நடுவில். அந்தச் சமயத்தில்தான் கடலிலிருந்து துடைப்பப் புயல் வருமென்பது அலெக்ஸாந்திரியாவில் மீன்காரனுக்கும் தெரியும். பெயரே அதற்கு அப்படித்தான், ஊரைப் பெருக்கிவிட்டுப் போகும். இயக்ககத்துக்குப் புயலிடமிருந்து எழுத்துமூலம் தகவல் ஏதும் வரவில்லை.

நூலைத் தோளில் சுமந்து எல்லோரும் படியேறினார்கள். மேலே வாசலில் தேர்வுக் கண்காணிப்பாளர் மடாம் துரியா, அரசாங்கத்துக் கழுகு முத்திரையும் கையுமாக நின்றாள். நாட்டில் எந்தக் காகிதமும் அந்தக் கழுகு உட்கார்ந்தால்தான் காகிதம்.

"நூல் மூடின நிலையில இருக்கணும். மூடினாத்தான் உள்ள விடுவேன்."

"இவ்வளவு சீட்டு ஒட்டினா எப்படி மூடும் மடாம்?"

"அது நூலோட பிரச்சினை."

ஆகவே தேர்வர்கள் ஒருவர் நூல்மேல் ஒருவர் உட்கார்ந்தார்கள். ஒருவர் போதாதபோது இருவர். சப்ரியின் நூல்மேல் உட்கார ஒரு பருமனான எஞ்சினியரை வரிசையிலிருந்து கெஞ்சி வரவழைக்க வேண்டியிருந்தது. நசுங்கிய நூல்கள்மேல் கழுகு உட்கார்ந்தது.

"இன்னொண்ணு," என்றாள் துரியா. "சீட்டு ஒட்டியிருந்தா அது நூல். கீழ விழுந்தா அது பிட்டு. பிட்டு வச்சிருந்தா வெளிய."

கூடத்து ஜன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. கண்ணாடிக்கான ஒப்புதல் பரிசீலனையில் இருந்தது. முதல் கேள்வியைச் சப்ரி படித்தான்: 'ஆபத்து நேரத்தில் அழுத்தும் பொத்தானின் நிறம் யாது? விதி எண்ணுடன் விடையளிக்க.' சிவப்பு என்று எழுதினான். விதி எண் இல்லாமல் அது உண்மையா என்று சந்தேகம் வந்தது. அடித்தான். சீட்டைத் தேடி நூலைத் திறந்தான்.

எல்லோரும் ஒரே நேரத்தில் நூலைத் திறந்தார்கள். துடைப்பம் உள்ளே வந்தது.

சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா! கல்யாண வீட்டில் தூவுகிற மாதிரி கூடம் முழுக்கச் சீட்டு பறந்தது. விளக்கில் ஒட்டியது, மீசையில் ஒட்டியது, மடாம் துரியாவின் நெற்றியில் 'கம்பியின் தடிமன்' வந்து ஒட்டியது. "என் பச்சை! என் பச்சை!" என்று ஒருவர் பெஞ்சுமேல் ஏறித் தாவினார். "பிட்டு! பிட்டு!" என்று துரியா கத்தினாள். சப்ரி இரண்டு கையாலும் காற்றைப் பிடித்தான்.

துரியா தலைமை இயக்குநர் இஹ்ஸான் பாஷாவுக்குப் போன் போட்டாள்.

"எத்தனை பேர் பிட்டு வச்சிருக்காங்க?"

"எல்லாரும், பாஷா."

"அதைப் பாத்து எழுதினது யாரு?"

"ஒருத்தரும் ஒண்ணும் எழுதல பாஷா."

"இவ்வளவு பிட்டு இருந்தும் எழுதலையா? என்ன ஒழுக்கம்! எல்லாரையும் பாஸ் போடு. சான்றிதழ்தான் அச்சடிச்சாச்சே."

இவ்வாறு சப்ரி சான்றிதழ் பெற்ற நபரானான். கையெழுத்துப் போட்டான், பேனல் வாசலைத் தாண்டியது, லிஃப்டுக்கு உயிர் வந்தது. திறப்புவிழாவில் ரோஜா சர்பத் கொடுத்தார்கள். முதல் பயணம் பெரியவர்களுக்கு என்பதால் இஹ்ஸான், ஷவ்கத், துரியா, சப்ரி ஆகியோர் ஏறினார்கள். நிறைமாத ரபாப் வழக்கம்போலப் படியில் ஏறினாள்.

லிஃப்ட் நாலாவது மாடி தாண்டியதும், "இந்தச் சிவப்பு எதுக்கு?" என்று இஹ்ஸான் அழுத்திப் பார்த்தார். லிஃப்ட் நின்றது.

பழைய கட்டடம், லிஃப்டைச் சுற்றித்தான் படி. கம்பிவலைக்குள் நாலு பேர் கூண்டுக்கிளிபோல் நிற்பதைப் பார்த்தபடி ரபாப் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"அமுக்கினதை ஒரு திருகு திருகினா வெளிய வந்துடும். வீட்டுல நீதானே எனக்குக் காட்டின?"

சப்ரியின் கை பொத்தானுக்குப் போனது.

"எந்த விதிப்படி?" என்றார் இஹ்ஸான்.

கை அந்தரத்தில் நின்றது. "நூல் கீழ இருக்கு, பாஷா."

"சான்றிதழ் வாங்கினவர் விதி இல்லாம கை வைக்கலாமா?"

"திருகறதுக்கு இளநீலம்," என்றார் ஷவ்கத் கண்ணை மூடிக்கொண்டு. "எந்தப் பக்கம்னுதான் வரமாட்டேங்குது."

"நிதானமா யோசிங்க," என்றாள் ரபாப், கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு. "எனக்கு வலி எடுத்தாச்சு. நான் படியிலேயே இறங்கிப் போறேன்."

சப்ரி திருகிவிட்டான். விதி எண் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு. லிஃப்ட் மெல்ல இறங்கி நாலாவது மாடியில் நின்றது. பெரியவர்களை வெளியே தள்ளி, ரபாபை ஏற்றி, கீழே கொண்டுபோனான். பெண் குழந்தை, படிக்கட்டில் இல்லாமல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தது.

இயக்ககம் மாதக்கணக்கில் விசாரித்தது. பேனலில் பிழையில்லை, அதில் கையெழுத்து இருந்தது. ஆகவே பிழை, தகுதியின்றி லிஃப்டில் ஏறுகிறவர்களுடையது. புதிய உத்தரவு வந்தது: சான்றிதழ் பெற்ற பயணிகள் மட்டுமே லிஃப்டில் ஏறலாம். அதுவரை லிஃப்டுக்குச் சீல். சுவர்களில் 'பேனல்' என்ற சொல்லின்மேல் 'பயணி' என்று காகிதம் ஒட்டப்பட்டது. சக்கரவர்த்தி அவரேதான். வகுப்பு ஒன்பதாவது மாடியில்.

குழந்தைக்குப் பல் முளைக்கிற பருவம். ரபாபின் விடுப்பு முடியப்போகிறது. புதிய உத்தரவைச் சொல்லி இருவரும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று சப்ரி வீட்டுக்கு ஓடிவந்தான். மேஜைமேல் கனத்த நூல் ஒன்று விரிந்து கிடந்தது. ரபாப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சவங்களுக்குத் தேர்வு எதுக்குன்னு நீதானே கேட்ட?"

"தெரியும்னு அவங்களுக்குத் தெரியணுமே," என்றாள் அவள், நிமிராமல். "ஏழு மாடி நீயா ஏறப்போற? அந்த மஞ்சளை இப்படித் தள்ளு."

மடியிலிருந்த குழந்தை எட்டி ஒரு சீட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டது.

"துப்பு! துப்பு! அது லிஃப்ட் கதவுடி!" என்று இருவரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். வாயிலிருந்து பத்திரமாக எடுத்த சீட்டைச் சப்ரி சட்டையில் துடைத்து, ஈரம் போக ஊதி, அதற்குரிய பக்கத்தில் மீண்டும் ஒட்டினான்.

அதன்பிறகுதான், குழந்தை அழுவது அவர்கள் காதில் விழுந்தது.