அடுப்பின் மேல் காய்ந்த டெண்டர்

எங்கள் மலையில் ஆடி மாதம் எதுவும் காயாது. துணி காயாது, தலைமுடி காயாது, தீக்குச்சி பற்றாது. துவைத்த சேலையைக் கொடியில் போட்டால், போட்டபோது இருந்ததைவிட எடுக்கும்போது கனமாக இருக்கும். அதனால் மஞ்சூர்ப் பக்கம் எங்கள் காலனி வீடுகளில் விறகடுப்புக்கு மேலே கயிற்றில் ஒரு மூங்கில் தட்டு தொங்கும். பள்ளிக்கூடச் சாக்ஸ், கருவாடு, ரேஷன் கார்டு எல்லாம் அதில்தான் காயும். நான் பஞ்சாயத்துத் தலைவியாக இருந்தபோது தடுப்புச்சுவர் கட்டுவதற்கான டெண்டரும் அதில்தான் காய்ந்தது.

நான் தலைவி ஆனது எப்படி என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. நானும் கேட்டுக்கொள்வேன். இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். அங்கே ஆறாவது இல்லை. பிறகு கப்பலேறி இந்த மலைக்கு வந்து கொழுந்துக் கூடையை மாட்டியவள், வயதாகித்தான் இறக்கி வைத்தேன். எங்கள் பஞ்சாயத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது மகளிர் குழுவில் ஒவ்வொருத்தியாக வேண்டாம் என்றார்கள். என் முறை வந்து நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. எதிர்த்து நின்ற இரண்டு பேரும் ஊரில் ஆளுக்குப் பாதிப்பேரோடு சண்டை போட்டவர்கள். நான் யாரோடும் சண்டை போட்டதில்லை. (சண்டை போட வாயைத் திறக்க வேண்டுமே.) அதை நல்ல குணம் என்று நினைத்து ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.

கூட்டங்களில் நான் மேசையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் செயலர் எழுந்து, "தலைவர் சொல்றது என்னன்னா" என்று ஆரம்பிப்பார். நான் என்ன சொல்கிறேன் என்று நானும் கவனமாகக் கேட்பேன். பெரும்பாலும் நல்லதாகவே சொல்வேன்.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் நானே வாய் திறந்து கேட்டேன். அதுதான் இந்தச் சுவர். காலனியின் கடைசி வரிசைக்குப் பின்னால் மண்மேடு. முந்தின வருஷத்து ஐப்பசி மழையில் அது சரிந்து செல்லம்மா மதினியின் அடுப்படிக்குள் வந்துவிட்டது. அடுப்பு இருந்த இடத்தில் ஒரு தேயிலைச் செடி நின்றது. அதிலிருந்து மதினி வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு சூட்கேஸைக் கட்டி வைத்துக்கொண்டே தூங்குகிறாள். காலையில் குழாயடியில் என்னைப் பார்த்தால் மற்றவர்களை மாதிரி சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள்.

"தலைவரம்மா, சுவரு எழும்பிருச்சா?" என்பாள்.

அடுத்த ஐப்பசிக்கு முன்னால் சுவர் எழும்ப வேண்டும். ஆடியில் டெண்டர் முடிந்தால்தான் ஆவணி, புரட்டாசியில் கட்ட முடியும். இது ஐந்தாவது படித்தவளுக்கும் புரிகிற கணக்கு.

டெண்டருக்கு மூன்று பேர் கவர் போட்டார்கள். ஒருவர் கோயமுத்தூர்க்காரர், ஒருவர் கூடலூர்க்காரர், ஒருவர் அரவேணுக்காரர். மூன்றும் அரக்கு வைத்து ஒட்டிய கவர்கள். தகரப் பெட்டியின் மேலே உள்ள ஓட்டை வழியாக உள்ளே போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை யூனியன் ஆபீஸ் பொறியாளர் மேடம் வந்து எல்லோர் முன்னாலும் பிரிப்பார். யார் விலை குறைவோ அவருக்கு வேலை. செயலர் ஊட்டி பஸ்ஸைப் பிடிக்கப் போகும்போது பெட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"மேடத்த நாளைக்கு நான் கையோட கூட்டிட்டு வந்துர்றேன்ம்மா. அதுவரைக்கும் பெட்டி ஆபீசுல இருக்கட்டும், சாவி உங்ககிட்ட இருக்கட்டும். உள்ள என்ன வெலைன்னு ஒரு கண்ணும் பார்க்கக் கூடாது. பார்த்தா டெண்டர் செல்லாது" என்றார்.

நான் சாவியைத் தாலிக்கொடியில் முடிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் ஆபீசைப் பூட்டப் போனபோது கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கூரை ஒழுகுவது புதிதில்லை. ஆபீசில் அத்தனை இடம் இருக்க, குறி வைத்த மாதிரி அந்தப் பெட்டியின் ஓட்டைக்குள் சொட்டியதுதான் புதிது. பெட்டியைத் தூக்கினேன். உள்ளே தண்ணீர் தளும்பியது. செயலருக்குப் போன் போட்டேன். அவர் எந்தக் கொண்டை ஊசி வளைவில் இருந்தாரோ, லைன் கிடைக்கவில்லை. (கிடைத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்பது வேறு விஷயம்.) கவர் கரைந்தால் டெண்டர் இல்லை, டெண்டர் இல்லாவிட்டால் சுவர் இல்லை. கொழுந்தெடுக்கும் காலத்தில் மழைக்கு இடுப்பில் கட்டிய தார்ப்பாய்ப் படங்கை எடுத்துப் பெட்டியைச் சுற்றி, இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இங்கேதான் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தேயிலை ஃபேக்டரியில் டிரையரில் நின்று ரிட்டயர் ஆனவர். உலகத்தில் உள்ள ஈரமான பொருள் எதையும் பதமாகக் காயவைக்கத் தன்னால் முடியும் என்பது அவர் நம்பிக்கை. பேரன் காய்ச்சலில் வியர்த்தபோதுகூட நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சூடு குடுக்கலாம்" என்றவர். நான் பெட்டியைத் திறந்து நனைந்த கவர்களை வெளியே எடுத்ததும், ரிட்டயர் ஆன பிறகு முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுப்புக்கு மேல வச்சிரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"இது காய வெக்கிற சாமான் இல்ல புள்ள. வாட்டுற சாமான். ஃபேக்டரியில பச்சக் கொழுந்த வாட விடுற மாதிரி மொதல்ல வாட்டணும். அப்புறம்தான் சூடு."

தட்டில் இருந்த கருவாட்டை ஓரமாக ஒதுக்கினார். கவர்களை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் பரப்பினார். அடுப்பில், தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த கவாத்துக் குச்சியை அளவாக வைத்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரு கவரை எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்து, "பச்ச வாசன போகல" என்று திருப்பிப் போட்டார். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

தேயிலைக்கு அரக்கு வைக்கும் வழக்கம் இல்லை. அதனால் இவருக்கு அரக்கைப் பற்றி அனுபவம் இல்லை. முதலில் அரக்கு இளகி, மூங்கில் இடுக்கு வழியாக ரசச் சட்டிக்குள் சொட்டியது. பிறகு பசை விட்டது. கவர்களின் வாய் ஒவ்வொன்றாகத் திறந்தது. நான் பதறித் தட்டை இழுத்தேன். அது ஒரு பக்கமாகச் சாய, கவருக்கொன்றாக உள்ளே இருந்த மூன்று விலைத் தாள்களும் நழுவித் தரையில் விழுந்தன.

"கண்ண மூடு" என்றார் இவர்.

மூடினேன். அவரும் மூடிக்கொண்டார். ஒரு கண்ணும் பார்க்கக் கூடாது என்று செயலர் சொல்லியிருந்தாரே. கல்யாணத்தன்று சாமி கும்பிட்டதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்ணை மூடியது அப்போதுதான். தடவித் தடவித் தாள்களைப் பொறுக்கினோம். நான் கவரை விரித்துப் பிடிக்க, அவர் உள்ளே செருகினார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கண்ணைத் திறந்த பிறகுதான், எந்தத் தாள் எந்தக் கவருக்குள் போயிருக்கும் என்ற யோசனை வந்தது. பிரித்துப் பார்த்தால் விலை தெரிந்துவிடும். அதனால் பார்க்கவில்லை. நேர்மையாக இருக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

சோற்றைப் பிசைந்து கவர்களை ஒட்டினேன். ரசச் சட்டியிலிருந்து அரக்கை வழித்தெடுத்து மறுபடி வைத்தேன். அதன்மேல் அழுத்த முத்திரை வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தில் சிங்கம் இருக்கிறது, அரசாங்கமே போட்ட சிங்கம், அதைவிடப் பெரிய முத்திரை ஏது என்று இவர் சொன்னார். சரியாகத்தான் பட்டது. மூன்றிலும் அழுத்தினேன்.

மறுநாள் காலையில் பெட்டியை முன்னதாகவே கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டேன். காண்ட்ராக்டர்கள் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே குடையோடு செல்லம்மா மதினி நின்றாள். மேடம் பெட்டியைத் திறந்து முதல் கவரை எடுத்தார். எடுத்தவர் பிரிக்காமல் முகர்ந்தார்.

"என்ன இது, கருவாட்டு வாசன?"

கவரைத் திருப்பினார். "சீல்ல சிங்கம் இருக்கு" என்றார். இரண்டாவதைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்தார். செயலர் என்னைப் பார்த்தார். நான் மேசை ஓரத்தைப் பார்த்தேன். செயலர் எழுந்து, "தலைவர் சொல்றது என்னன்னா" என்று ஆரம்பித்தார். தலைவர் என்ன சொல்கிறார் என்று முதல் தடவையாக அவருக்கே தெரியவில்லை. நின்றுவிட்டார்.

வேறு வழியில்லாமல் நானே பேசினேன்.

"நனஞ்சிருச்சுங்க. வாட்டினோம்."

"வாட்டுனீங்களா?"

"ஒண்ணும் பார்க்கல மேடம். கண்ண மூடிக்கிட்டுத்தான் உள்ள வச்சோம்."

செயலர் மெதுவாக உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே குடை ஒரு தடவை ஆடியது.

மேடம் மூன்று கவரையும் பிரித்து, தாள்களைத் தன் பக்கமாக வைத்துக்கொண்டார். டைப் அடித்த விலை அப்படியே இருந்தது. பெயர் சீலும் கையெழுத்தும் மட்டும் கரைந்து ஊதாக் கறையாகிவிட்டன. எது யாருடையது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது, கவரையும் நம்ப முடியாது. மேடம் அதைச் சொன்னதும் கோயமுத்தூர்க்காரர் சிரித்தார். எனக்காகப் பரிந்துதான் பேசினார், பாவம்.

"ஏனுங்க மேடம், பெரியம்மா தெரியாம பண்ணிட்டாங்க. இதுக்குப் போயி எதுக்குங்க ரோசன? மூணுலயும் கொறஞ்சது எதுவோ அது என்னோடதுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னும் ஒரு வெலையும் நான் படிக்கல. உங்களோடதுதான் கொறஞ்சதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கோயமுத்தூர்க்காரர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைக் குளிரில் வியர்த்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான். மேடம் மற்ற இரண்டு பேர் பக்கம் திரும்பி, நீங்கள் போட்ட விலையைச் சொல்லுங்கள், சரிபார்த்துக்கொள்கிறேன் என்றார். அரவேணுக்காரர் கூரையைப் பார்த்து யோசித்து ஒரு விலை சொன்னார். அது மூன்று தாளிலும் இல்லை. கூடலூர்க்காரர் அந்தச் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

"போட்ட வெல எனக்கு ஓர்ம இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு, கோயமுத்தூர்க்காரரைக் கை காட்டினார். "அவருக்கு அறியும்."

மேடம் ஃபைலை மூடி, டெண்டர் ரத்து என்றார்.

எனக்கு வேறு எதுவும் புரியவில்லை. கருவாட்டு வாசனைக்காகத்தான் ரத்து செய்கிறார் என்று நினைத்தேன். எல்லோரும் போன பிறகு செயலரிடம், ஜெயிலுக்கு மாற்றுச்சேலை எடுத்துவர வேண்டுமா என்று கேட்டேன். அவர், மூன்று பேருக்கும் கோயமுத்தூர்க்காரரே விலை எழுதியிருக்கிறார், மற்ற இரண்டு கவரும் கணக்குக்குப் போட்டது, தன் விலையை இஷ்டத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு அதையே குறைந்த விலையாகக் காட்டப் பார்த்திருக்கிறார் என்று விளக்கினார். பெட்டியை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று எனக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. செயலர்தான் பதில் எழுதினார். தலைவர் சொல்வது என்னவென்றால் என்று.

டெண்டர் ரத்தான அன்று சாயங்காலத்துக்குள் கதை குந்தா வரைக்கும் போய்விட்டது. கிழவி வேண்டுமென்றே கவரை வாட்டிப் பிரித்து, தாளை மாற்றி வைத்து, மூன்று பேரையும் பிடித்துவிட்டாளாம். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். நான் வாயைத் திறந்து மறுக்காததால் அது உண்மையாகிவிட்டது.

செல்லம்மா மதினி மட்டும் நம்பவில்லை. குழாயடியில் என் குடம் நிறைந்ததும் கேட்டாள்.

"திருடனப் புடிச்சிட்டீங்களாமே தலைவரம்மா. நல்லது. சுவரு எங்க?"

மறு டெண்டர் போட்டு, வேறொருவர் நியாயமான விலைக்கு எடுத்து, வேலை ஆரம்பிக்கவே புரட்டாசி முடியப்போனது. வேலை ஆரம்பித்த அன்று ஆபீசிலிருந்து திரும்பியபோது மதினியின் வாசலில் நின்றேன். வாழ்க்கையில் நான் யாரையும் என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதில்லை. வந்துவிட்டால் பேச வேண்டியிருக்குமே. அன்றைக்கு அவள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தேன். பின்னால் அவள் குக்கரோடு வந்தாள்.

ஐப்பசி வந்தது. சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது ஒரு மத்தியானம் மேடு சரிந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். மண் அந்தப் பாதிச் சுவர்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. இரண்டு மூன்று கூடை மண் மட்டும் தாண்டி வந்து மதினியின் அடுப்படி ஜன்னலை உடைத்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. மதினி உடைந்த ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தேத்தண்ணி போடுவமா?" என்றாள். தலைவரம்மா என்று சேர்க்கவில்லை.

தை மாதத்தில் சுவர் முழுசாக எழும்பியது. அவள் தன் வீட்டுக்குத் திரும்பினாள். (எங்கள் வீட்டில் அவள் பேசியதில் பாதிக்குத்தான் நான் பதில் சொல்லி முடித்திருக்கிறேன்.) என் பதவிக்காலமும் முடிந்தது. பஞ்சாயத்து ஆபீசில் டெண்டர் பெட்டிக்கு மேலே இப்போது ஒரு குடை விரித்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு என் காலத்திலேயே தனியாகத் தீர்மானம் போட்டோம். தலைவர் என்ன சொன்னார் என்று அதில் விவரமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் பேரனின் வீட்டுப்பாட நோட்டு நனைந்தாலும் சரி, மருமகளின் பர்ஸ் நனைந்தாலும் சரி, யாராவது ஒருவர் "எல்லாரும் கண்ண மூடுங்க" என்பார்கள். அது பரவாயில்லை, வீட்டுக்குள் நடப்பது. மதினி சொல்வதுதான் ஊருக்கே கேட்கும். ஒவ்வொரு ஆடியிலும் முதல் மழை விட்டதும் தன் வீட்டுப் பின்புறத்திலிருந்து சத்தம் போடுவாள்.

"ஏ தலைவரம்மா, சுவரு ஈரமா இருக்கு. ஒங்க வீட்டுக்காரர அனுப்பி விடுங்க."

போன ஆடியிலும் கூப்பிட்டாள். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிஜமாகவே போனார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குனிந்து முகர்ந்தார், திரும்பி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னும் வாடல" என்றார்.