புரட்சியை வாழ்த்தி மகிழ்பவர்

"பேனரெல்லாம் வேணாம்பா" என்று நம் ஊரில் எவன் சொன்னாலும் "பெரிதாக வை" என்றுதான் அர்த்தம். நானும் அப்படிச் சொல்லித் தொலைத்தவன்தான்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் காண்ட்ராக்ட் கூலியாகப் பட்ட பாட்டைப் புத்தகமாக எழுதியிருந்தேன். எங்களை வேலைக்கு அனுப்பும் காண்ட்ராக்டரைப் பெயர் மாற்றி, ஏழாவது அத்தியாயம் முழுக்கக் கிழித்திருந்தேன். அதிகாரத்தை எதிர்க்கும் புத்தகங்களுக்கென்று சென்னைத் தோழர்கள் கொடுக்கும் பரிசு அதற்குக் கிடைத்தது. ஒரே நிபந்தனை, எந்த முதலாளியிடமும் சல்லிக்காசு உதவி வாங்கியிருக்கக் கூடாது. (அந்த வாரம் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.) பரிசென்று என் வாழ்க்கையில் எட்டிப் பார்த்தது அது ஒன்றுதான்.

விழா எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில். வாசலில் பேனர். நான் மார்பில் கை கட்டி நிற்கிறேன், பின்னால் ஒரு சிங்கம் (யாரைக் கேட்டு?). பக்கத்தில் என்னைவிடப் பெரிதாக, கும்பிட்டபடி, காண்ட்ராக்டர். "எழுத்துச் சிங்கத்தை வாழ்த்தி மகிழும்" என்று கீழே அவர் பெயர்.

மனைவியின் தம்பியைப் பிடித்தேன். பேனர் அவன் ஏற்பாடு.

"இன்னாடா இது?"

"இன்னா மாமா, பேனர் அடிக்க நீயா டப்பு குட்த்த? அவரத்தான் கேட்டேன். நல்ல மன்சன், உடனே குட்த்தாரு."

"அவனத் திட்டித்தாண்டா புக்கே எழுதிக்கீறேன்."

"அத்த அவரு எங்க படிக்கப் போறாரு. நானே இன்னும் படிக்கல."

பேனரை அவிழ்க்க ஏணி தேடினேன். அதற்குள் பரிசுக்குப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த நடுவர் அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி, பேனரை நிதானமாகப் படித்தார்.

"யார் தோழர் இவர்?"

"ஏழாவது அத்தியாயம்" என்றேன். வேறென்ன சொல்ல?

விளக்கி முடிப்பதற்குள் அந்த அத்தியாயமே சால்வையோடு வந்து என்னைப் போர்த்தியது.

"நம்ம பையந்தாம்மா. இன்னா ஒதவின்னாலும் நாந்தான் செய்றேன்."

பின்னால் நின்ற அவருடைய ஆட்கள் கைதட்டினார்கள். (எல்லாரும் என்னோடு வேலை செய்தவர்கள், பாவிகள்.)

பரிசு வேறொரு புத்தகத்துக்குப் போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மச்சான் பந்தியில் இரண்டாவது முறை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தான்.

பேனர் மட்டும் மிஞ்சியது. ஒழுகும் சமையலறைக் கூரைமேல் மனைவி அதை விரித்துக் கட்டிவிட்டாள். அதிலும் அநியாயத்தைப் பாருங்கள், என் முகம் இருக்கும் பக்கம் கிழிந்து கொட்டுகிறது, அவர் பக்கம் ஒரு சொட்டு இறங்குவதில்லை. மழை பிடித்தால் மனைவியும் மச்சானும் பிள்ளைகளும் ஒரே குரலில் கூப்பிடுகிறார்கள்:

"அவருக்குக் கீழ வந்து நின்னுக்கோ, நனைய மாட்ட."

போய் நின்றுகொள்கிறேன்.